எதிரி வேறு, எதிர்மனுதாரர் வேறு

கேள்வி: எனக்கு 21 வயது. பி.காம். முடித்துவிட்டு தஞ்சாவூரில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன், குரூப் 4 தேர்வுக்கும் படிக்கிறேன். ஐந்து மாதத்துக்கு முன் என் பைக்கை நண்பன் இரவல் வாங்கிப் போனான். சாலையைக் கடந்த ஒரு பெரியவர் மீது மோதிவிட்டான். அவருக்குக் காலில் எலும்பு முறிவு. அவர் மகன் கொடுத்த புகாரில் எப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கிறது. இப்போது ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு தாள் வந்திருக்கிறது. ஒன்று காவல் நிலையத்திலிருந்து, மேலே ‘பி.என்.எஸ்.எஸ். 179’ என்று இருக்கிறது. இன்னொன்று நீதிமன்றத்திலிருந்து, அதில் என் பெயருக்கு நேரே ‘1-ஆம் எதிர்மனுதாரர்’ என்று இருக்கிறது. நண்பனுக்கு ‘35(3)’ என்று ஒரு தாள் வாட்ஸப்பில் வந்தது. அவனுக்கு முன்ஜாமீன் எடுக்க வேண்டும் என்று ஒருவர் 25,000 ரூபாய் கேட்கிறார். இன்னொருவர், கோர்ட்டில் ஒத்துக்கொண்டு பைன் கட்டிவிட்டால் கதை முடிந்தது என்கிறார். நண்பனிடம் லைசென்ஸ் உண்டா என்று எனக்குத் தெரியாது, கேட்டால் மழுப்புகிறான். ‘உன்னிடம் லைசென்ஸ் இருக்கிறதே, நீயே ஓட்டியதாகச் சொல்லிவிடு, இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்’ என்கிறார் என் மாமா. எனக்கு அரசு வேலை, பாஸ்போர்ட் எல்லாம் போய்விடுமா? அந்தப் பெரியவரைப் போய்ப் பார்க்கலாமா? யாரிடம் கேட்டாலும் ‘கேஸ்ல உன் பேர் வந்துடுச்சு’ என்று மட்டும் சொல்கிறார்கள்.

பதில்: தம்பி, ‘கேஸில் பேர் வந்துவிட்டது’ என்று சொல்பவர்களிடம் ‘என்னவாக வந்திருக்கிறது?’ என்று திருப்பிக் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஒரு விபத்து வழக்கில் புகார் கொடுத்தவர் பெயர் வரும், பார்த்தவர் பெயர் வரும், மாவுக்கட்டு போட்ட டாக்டர் பெயர் வரும், பிரேக் சரியாக இருந்ததா என்று வண்டியைப் பரிசோதித்த மோட்டார் வாகன ஆய்வாளர் பெயரும் வரும். எல்லோருமா குற்றம் செய்தவர்கள்? எந்தத் தாள் வந்தாலும் அதை அனுப்பியது யார், உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது, எந்தத் தேதிக்குள் என்ன செய்யச் சொல்கிறது என்று பாருங்கள். சட்டம் படிக்காதவரும் இவ்வளவு பார்த்துவிடலாம். உங்கள் தாள்களை நான் நேரில் பார்க்கவில்லை. கடிதத்தில் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மோதலிலிருந்து இரண்டு தனித்தனி வழக்குகள் கிளம்பியிருக்கின்றன. ஒன்று குற்ற வழக்கு. வண்டியைக் கவனக்குறைவாக ஓட்டியவர் மீது அரசாங்கம் நடத்துவது. மற்றது நஷ்டஈட்டு வழக்கு. அடிபட்டவர் வண்டிச் சொந்தக்காரரிடமும் இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் பணம் கேட்பது. முதலாவது உங்கள் நண்பனைப் பற்றியது. இரண்டாவது உங்களைப் பற்றியது. நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் போலீஸ் தாளைக் கண்டு தூக்கம் போயிருக்கிறது, நீதிமன்றத் தாளை மடித்து வைத்திருக்கிறீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கவலையைத் தலைகீழாகப் போடுவேன்.

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களின் எழுத்தில் குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்றுதான் எழுதுவார்கள். பகையாளி என்ற அர்த்தத்தில் இல்லை; அது அவர்களுடைய வழக்கம். எப்.ஐ.ஆரில் எதிரி என்ற இடத்தில் நண்பன் பெயரோ, ‘இன்ன எண் மோட்டார் சைக்கிளை ஓட்டி வந்தவர்’ என்றோ இருக்கும். உங்கள் தாளில் இருக்கும் ‘எதிர்மனுதாரர்’ அது இல்லை. ஒருவர் மனு போட்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் எதிர்மனுதாரர், அவ்வளவுதான். கலெக்டர் மீது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் கலெக்டரும் எதிர்மனுதாரர்தான். எப்.ஐ.ஆர். நகலை ஒருமுறை வாங்கிப் படித்துவிடுங்கள். புகார் கொடுத்தவருக்கு அது இலவசம். மற்றவர்கள் காவல்துறை இணையதளத்தில் பார்க்கலாம். பெரும்பாலான எப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எப்.ஐ.ஆர். என்பது முதல் தகவல் அறிக்கை. பெயரே சொல்கிறது, தகவல்தான். இப்படி நடந்தது என்று ஒருவர் சொன்னதைப் போலீஸ் பதிவு செய்கிறது. அப்புறம் புலனாய்வு நடந்து, வழக்குக்கு ஆதாரம் இருக்கிறது என்று தோன்றினால் குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போகும். அதற்குப் பிறகு சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு. தீர்ப்பில் குற்றம் நிரூபணமானால்தான் ஒருவர் குற்றவாளி. அதுவரை குற்றம் சாட்டப்பட்டவர். செய்தி சேனல்கள் கைதான நிமிஷத்திலேயே ‘குற்றவாளி’ ஆக்கிவிடுகின்றன. அந்தப் பழக்கம் நம் வீட்டுப் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது.

இப்போது 179. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது; உங்கள் தாளில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். அதுதான். அதன் 179-ஆம் பிரிவு, வழக்கைப் பற்றி விவரம் தெரிந்த ஒருவரை விசாரணை அதிகாரி எழுத்து மூலம் கூப்பிடுவதற்கானது. பழைய கணக்கில் 160. அதாவது உங்களைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். போங்கள், நடந்ததைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை அவர்கள் எழுதிக்கொள்ளலாம்; ஆனால் அந்த வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். சாட்சி பெண்ணாகவோ, 15 வயதுக்குக் கீழோ 60 வயதுக்கு மேலோ இருந்தால் ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, போலீஸ்தான் வீட்டுக்குப் போக வேண்டும். உங்களுக்கு இது பொருந்தாது, உங்கள் வீட்டில் யாருக்காவது ஒருநாள் பயன்படும். உங்களைக் குற்றத்தில் மாட்டிவைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டாயம் இல்லை. ஆனால் அன்று வண்டியை ஓட்டியது யார், அவருடைய லைசென்ஸ் விவரம் என்ன என்று போலீஸ் கேட்டால் தெரிந்ததைச் சொல்ல வேண்டியது வண்டி உரிமையாளரின் கடமை. மோட்டார் வாகனச் சட்டம் 133-ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது.

நண்பனுக்கு வந்த 35(3) அதே சட்டத்தின் பிரிவுதான் என்றாலும் வேறு ரகம். அது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, அல்லது சந்தேகத்துக்கு உள்ளானவருக்கு வருவது. ‘இப்போது உன்னைக் கைது செய்ய வேண்டிய அவசியமில்லை, ஆனால் இன்ன தேதியில் வந்து ஆஜராகு’ என்று அர்த்தம். பழைய 41ஏ நோட்டீஸ். போய் ஒத்துழைத்தால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. போகாமல் ஒளிந்தால், கைது செய்ய அவர்களுக்கு நாமே காரணம் கொடுத்தது போலாகும். இந்த நோட்டீஸை வாட்ஸப்பில் அனுப்புவது முறைப்படி கையில் சேர்த்ததாக ஆகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ‘அப்படியானால் போக வேண்டாம்’ என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். காவல் நிலையத்துக்கு நேரில் போய், நோட்டீஸ் உண்மைதானா என்று பார்த்து, தாளாகக் கேட்டு வாங்குவது நல்லது. இன்னொரு காரணமும் உண்டு. போனில் போலீஸ் உடையோடு வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களும் இப்படித்தான் தாளை போட்டோவாக அனுப்புகின்றன. டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. அப்படி அழைப்பு வந்தால் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

முன்ஜாமீனுக்கு 25,000 கேட்பவரைப் பற்றி: அவர் வக்கீலா, தரகரா என்று நீங்கள் எழுதவில்லை. யாராக இருந்தாலும் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். குற்றங்களில் ஜாமீனில் விடக்கூடியவை, ஜாமீனில் விட முடியாதவை என்று இரண்டு வகை உண்டு. முதல் வகையில் ஜாமீன் கேட்பது உரிமை. நீதிமன்றம் போகாமல் காவல் நிலையத்திலேயே பெறலாம். இரண்டாவது வகையில்தான் நீதிபதி யோசித்துத் தருவார். அந்த இரண்டாவது வகைக்காகத்தான் முன்ஜாமீன் என்ற ஏற்பாடே. கவனக்குறைவாக வண்டி ஓட்டியது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 281-ஆம் பிரிவு, அதனால் கொடுங்காயம் ஏற்பட்டது 125(பி). எலும்பு முறிவு என்றால் கொடுங்காயம்தான். 125(பி)-க்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டு பிரிவுமே ஜாமீனில் விடக்கூடியவை. இல்லாத நோய்க்கு எதற்கு ஆபரேஷன்? நண்பன் உங்களையே ஜாமீன்தாரராக வந்து கையெழுத்துப் போடச் சொல்லலாம். அவன் வாய்தாவுக்கு வராமல் போனால் நீங்கள் எழுதிக்கொடுத்த தொகையை நீதிமன்றம் உங்களிடம் கேட்கும். அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

‘ஒத்துக்கொண்டு பைன் கட்டிவிடு’ என்ற யோசனையில்தான் நிறையப் பிள்ளைகள் விழுகிறார்கள். ஹெல்மெட் போடாததற்குச் சாலையில் ரசீது போட்டுக் கட்டும் பைனும் இதுவும் ஒன்று என்று நினைக்கிறார்கள். இல்லை. மாஜிஸ்திரேட் முன்னால் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டால், அபராதம் சில ஆயிரம்தான் என்றாலும், தீர்ப்பில் எழுதுவது ‘குற்றவாளி’ என்று. தண்டனை என்றால் சிறை மட்டும் இல்லை, அபராதமும் தண்டனையே. அன்றைக்கு வேலை சீக்கிரம் முடியும், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். பிறகு வேலைக்கான படிவத்தில் ‘எந்த வழக்கிலாவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா’ என்ற கட்டத்தில் அவன் ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும். நஷ்டஈட்டு வழக்கில் பெரியவரின் வக்கீல் முதலில் நீட்டப்போவதும் அந்தத் தீர்ப்பு நகலைத்தான். தப்பு உண்மையிலேயே அவனுடையது என்றால் ஒப்புக்கொள்வது அவன் விருப்பம். ஆனால் வக்கீலிடம் பேசாமல், வராந்தாவில் யாரோ சொன்னார்கள் என்பதற்காகச் செய்யக் கூடாது.

சரி, நீங்கள் மடித்து வைத்த தாளுக்கு வருவோம்.

அதன் மேலே எம்.சி.ஓ.பி. என்று ஓர் எண் இருக்கும், கூடவே வருஷம். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் வழக்கு எண் அது. தனிக் கட்டடம் எதுவும் தேட வேண்டாம்; நம் ஊர்களில் பெரும்பாலும் மாவட்ட நீதிபதியோ சார்பு நீதிபதியோதான் தீர்ப்பாயமாகவும் உட்காருகிறார். மனுதாரர் அந்தப் பெரியவர். 1-ஆம் எதிர்மனுதாரர் வண்டி உரிமையாளரான நீங்கள். 2-ஆம் எதிர்மனுதாரர் அநேகமாக உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி. இந்தச் சம்மனுக்குப் போகாவிட்டால் போலீஸ் வராது, வாரண்ட் வராது. அதனால்தான் மக்கள் இதை அலட்சியம் செய்கிறார்கள். ஆனால் நீங்கள் வராத நாளில் உங்களை ‘எக்ஸ்பார்ட்டி’ ஆக்கிவிட்டு வழக்கு நகரும். உங்கள் தரப்பு என்று ஒன்று பதிவிலேயே இல்லாமல் உத்தரவு ஆகிவிடும். பிறகு அதை ரத்து செய்யச் சொல்லி மனு போட வழி உண்டு. ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் சொல்லி, தாமதத்துக்கும் காரணம் சொல்லி, செலவும் கட்டி. தேதிக்கு ஒருநாள் போய் வக்காலத்து தாக்கல் செய்வது அதைவிட எவ்வளவோ சுலபம். வக்காலத்து என்பது ‘எனக்காக இந்த வக்கீல் ஆஜராகலாம்’ என்று நீங்கள் கையெழுத்திடும் அனுமதித் தாள். அதன் பின் எதிருரை. மனுவில் சொன்னதில் எது சரி, எது சரியில்லை என்ற உங்கள் பதில்.

‘இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் வைக்குமே, எனக்கு எதற்கு?’ என்று கேட்பீர்கள். அவர் கம்பெனியின் வக்கீல். கம்பெனி பணம் கட்டாமல் தப்பிக்க வழி இருந்தால் அதைச் சொல்வதுதான் அவர் வேலை. முதல் வழியே ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்பது. அது உண்மையானால் என்ன ஆகும் என்று 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்னது. லைசென்ஸ் இல்லை என்பது மட்டும் போதாது, உரிமையாளர் உரிய கவனம் எடுக்கவில்லை என்பதையும் கம்பெனி நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபித்தாலும் அடிபட்டவருக்குக் கம்பெனியே முதலில் பணம் கொடுக்கச் சொல்லலாம். பிறகு அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். வக்கீல்கள் ‘பே அண்ட் ரெக்கவரி’ என்பது இதைத்தான். அப்போது பணம் உங்களிடமிருந்துதான் போகும். சாவி கொடுக்கும்போது லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டீர்களா, அவன் என்ன சொன்னான், முன்பு அவன் லைசென்ஸைப் பார்த்திருக்கிறீர்களா, எல்லாம் அங்கே கேள்வியாகும். அதனால் நண்பன் மழுப்பினால் விடாதீர்கள். இன்றைக்கே உட்கார வைத்துக் கேளுங்கள். அவனிடம் லைசென்ஸ் இல்லை என்றால், லைசென்ஸ் இல்லாதவருக்கு வண்டி கொடுத்ததாக மோட்டார் வாகனச் சட்டம் 180-ஆம் பிரிவில் உங்கள் மீதும் வழக்கு வரலாம். 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அப்படியென்றால் ஸ்டேஷனுக்குப் போகும் முன்பே ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுப் போங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விபத்து பற்றி எழுத்தில் தெரிவித்தீர்களா? இல்லையென்றால் சம்மன் நகலோடு உடனே எழுதி, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கி வையுங்கள்.

மாமா சொன்னதற்கு வருகிறேன். உங்கள் மேல் இருக்கும் அக்கறையில்தான் சொல்கிறார் என்பது புரிகிறது. இந்த யோசனையை அவர் ஒருவர் மட்டும் சொல்லவில்லை. விபத்து நடந்த வீடுகளில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், நீங்கள் கணக்கு எழுதுகிறவர்தானே. இன்றைக்கு நீங்கள் சாட்சி. ‘நான்தான் ஓட்டினேன்’ என்று சொன்ன நிமிஷம் நீங்கள் எதிரி. குற்றப்பத்திரிகை உங்கள் பேரில் போகும், குரூப் 4 படிவத்தில் எழுத வேண்டியவரும் நீங்களே ஆவீர்கள். அதற்கு மேல், போலீஸிடம் பொய்த் தகவல் கொடுப்பது ஒரு குற்றம். நீதிமன்றத்தில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சாட்சி சொல்வது தனிக் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 229-இன்படி 7 ஆண்டு வரை சிறை. விபத்து வழக்கில் இருக்கும் தண்டனையைவிட இது இரண்டு மடங்குக்கு மேல். பெரியவர் உங்கள் நண்பனின் முகத்தைப் பார்த்திருக்கிறார். அந்தத் தெருவில் எத்தனை கடை வாசலில் கேமரா இருக்கிறதோ! நீங்கள் அந்த நேரத்தில் கடையில் உட்கார்ந்து பில் போட்டிருந்தால் அதற்கும் பதிவு இருக்கும்.

வேலை, பாஸ்போர்ட் பற்றிச் சுருக்கமாக. சாட்சியாக இருப்பதாலோ நஷ்டஈட்டு வழக்கில் எதிர்மனுதாரராக இருப்பதாலோ இரண்டுக்கும் ஒரு கெடுதலும் இல்லை. நண்பனுக்கு: குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம், ஆனால் வெறும் எப்.ஐ.ஆர். இருப்பது நிலுவை ஆகாது என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. வழக்கு நிலுவையில் இருந்தாலும் அந்த நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வாங்கலாம். வேலை விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்டால் உள்ளதை எழுத வேண்டும். சின்ன வழக்கு தானாக ஒருவரைத் தகுதியிழக்கச் செய்துவிடாது; அதை மறைத்ததற்காக வேலை போனவர்கள் உண்டு. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அலசியிருக்கிறது.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வருமானம் குறைவானவர்களுக்கு வக்கீல் இலவசம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்க மாட்டார்கள். அடுத்த வாய்தா என்றைக்கு என்று தெரிய யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். ‘இ-கோர்ட்ஸ்’ செயலியில் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் தேதி, அன்று நடந்தது எல்லாம் வரும்.

பெரியவரைப் போய்ப் பாருங்கள், தாராளமாக. ஒருவரின் உடம்பை விசாரிப்பது எந்தச் சட்டத்திலும் குற்றத்தை ஒப்புக்கொண்டது ஆகாது. பழம் வாங்கிக்கொண்டு போங்கள், காலில் வலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ஆனால் விபத்து எப்படி நடந்தது, யார் மேல் தப்பு என்ற பேச்சை அங்கே எடுக்காதீர்கள். ‘இவ்வளவு வாங்கிக்கொண்டு கேஸை விட்டுவிடுங்கள்’ என்று பணம் நீட்டவோ, முத்திரைத்தாளில் எழுதி வாங்கவோ வேண்டாம்; அப்படித் தனியாகக் கொடுத்த பணத்துக்கும் வழக்குக்கும் சம்பந்தமே இல்லை என்று பிற்பாடு சொல்லிவிடுவார்கள். பேசி முடிக்க அவர்களுக்கும் மனமிருந்தால் அதற்கென்றே இடம் இருக்கிறது, மக்கள் நீதிமன்றம். விபத்து நஷ்டஈட்டு வழக்குகள் அங்கே ஏராளமாக முடிகின்றன. பெரியவர், நீங்கள், இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி என்று எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தொகையைப் பேசலாம். ஒத்துக்கொண்டால் அதுவே நீதிமன்ற உத்தரவுக்குச் சமம், அதற்கு மேல்முறையீடு கிடையாது. அதனால் கையெழுத்துப் போடும் முன் தொகையைக் கட்டுவது கம்பெனியா நீங்களா, பிறகு உங்களிடம் வசூலிக்கும் உரிமையைக் கம்பெனி கேட்கிறதா என்பதை உங்கள் வக்கீலை விட்டுப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் வாய்தாவுக்குப் போகும்போது ஆர்.சி., விபத்து நடந்த தேதியில் நடப்பில் இருந்த இன்சூரன்ஸ் பாலிசி, உங்கள் லைசென்ஸ், நண்பனுடையது கிடைத்தால் அதுவும், எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்கே போய்விடுங்கள்.